யாக்கோபின் கோதுமை ஊர்

நேற்று எல்லிங்ஸ்ருட்டில் உள்ள என் வீட்டில் பீட்ரூட்டை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தேன். தண்ணீர் வற்றி, மண்ணும் இனிப்புமாக ஒரு வாசம் எழுந்தது. கறி போயே போய்விட்டது. ஆனால் யாக்கோப் நினைவில் வந்துவிட்டார்.

நோர்வேக்கு வந்து என் முதல் வேலை, அம்மருட் பகுதியின் அடுக்குமாடிகளில் தனித்திருக்கும் முதியவர்களின் வீடு துடைப்பது. அவர்களில் ஒருவர் யாக்கோப், மனைவியை இழந்தவர். எப்போது போனாலும் பீட்ரூட் சூப் கொதிக்கும். நான் துடைத்ததைவிட, மொப் தடியில் சாய்ந்து கதை கேட்டதுதான் அதிகம். அவர் பேசியது நோர்வே மொழி. என் நினைவில் நிற்பது எங்கள் தமிழில்தான்.

அவர் பிறந்தது கனடாவின் புல்வெளியில், ருஷ்யாவிலிருந்து தப்பிவந்த யூதர்கள் உழுது உண்டாக்கிய சிற்றூரில். பலர் அதுவரை தையல் ஊசி பிடித்தவர்களாம், ஏரைத் தொட்டதே இல்லை. ஒரு வருடம் ஆலங்கட்டி மழை, மறுவருடம் வறட்சி. கதிர் முற்றி நின்றாலும் ஓய்வுநாளான சனிக்கிழமை அறுக்கமாட்டார்கள். பக்கத்துக் காணி நோர்வேக்காரருடையது. யூதரல்லாத அந்த வீட்டுப் பெண்ணை யாக்கோப் கட்டியபோது, மகன் செத்துவிட்டான் என்று தகப்பன் ஏழு நாள் துக்கம் காத்தாராம். எங்கள் ஆட்கள் தலைமுழுகுவது போலத்தான். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகுதான் அவர் மனைவியோடு நோர்வேக்கு வந்துவிட்டாராம்.

"அப்பா என்னை மன்னிச்சவரோ எண்டு தெரியாமலே சாகப்போறன்," என்றார் ஒருநாள்.

என் தம்பி கனடாவில் லொறி ஓட்டுகிறான். அவனைக் கெஞ்சிக் கூத்தாடி யாக்கோபின் ஊருக்குப் போகவைத்தேன். அங்கே நின்று தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, இஞ்சை ஊர் எண்டு ஒண்டுமில்லை. கோதுமையும் ஒரு சவக்காலையும்தான். தாய் தகப்பன்ரை கல்லறைக் கல்லு நிக்குது. நடுவிலை உங்கட யாக்கோபின்ரை பேரிலையும் ஒண்டு நிக்குது. அந்தாள் உயிரோடைதானே?"

உயிரோடிருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? மறைக்கத்தான் நினைத்தேன். என் முகத்துக்கு அது வராது. சொல்லிவிட்டேன்.

அவர் சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"எங்கை நிக்குது அது?"

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவிலை."

"நடுவிலையோ? அப்ப எனக்கு இடம் விட்டுத்தான் வைச்சிருக்கிறார்," என்று அழுதார். நானும் அழுதேன்.

அந்தக் குளிர்காலமே போய்விட்டார். இங்கே, மனைவிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அம்மருட் வீட்டில் இப்போது வேறு யாரோ. போன வருடம் தம்பி அந்த வழியால் போனபோது சவக்காலை வேலியும் சாய்ந்துவிட்டதாம். விசாரிக்க அந்த ஊர்க்காரர் ஒருவரும் மிச்சமில்லை. நடுவிலிருக்கும் அந்தக் கல்லின் கீழே ஆளில்லை என்பது இனி எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.