லிஃப்டில் நான் முகம் திருப்பிய சீனப் பிள்ளை

எங்கள் மாடியில் குடியிருக்கும் சீனப் பிள்ளை லின்னோடு, இலங்கையில் யுத்தம் முடிந்த மாதத்திலிருந்து நான் கதைப்பதில்லை.

யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் டொரன்டோ நெடுஞ்சாலையை மறித்து இருந்த கிழமை, ஏன் அங்கே இருந்தீர்கள் என்று லிஃப்டில் கேட்டாள். "இலங்கைக்கு ஆயுதம் குடுத்த உன்ர அரசாங்கத்திட்டக் கேள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்று உடுப்புத் தோய்க்கும் அறையில் போனைப் பார்த்தபடி கண் கலங்கி நின்றாள். என்ன நடந்தது என்று கேட்டது என் மனைவி. நான் அல்ல.

சீன மொழியில் நாலு வரி எழுதிப் போடும் தளம் ஒன்றாம். கொஞ்சப் பேரோடு தொடங்கி, பிறகு எல்லாரும் அங்கேதான் கதைத்தார்களாம். இந்தக் கிழமை சீன அரசாங்கம் அதை ஒரேயடியாக மூடிவிட்டதாம். அவள் எழுதியதெல்லாம் போய்விட்டது.

அதில் எங்கள் மறியலைப் பற்றி எழுதியதும் இருந்ததாம். நான் பதில் சொல்லாததால் தானே தேடி வாசித்து, சொந்தப் பெயரில் எழுதியிருக்கிறாள். தாய் தகப்பன் இன்னும் சீனாவில்தான்.

மேலே வந்ததும் மனைவி சொன்னார்: "அந்தப் பிள்ளை எங்களுக்காக எழுதியிருக்கு. நீங்கள் லிஃப்ட் கதவைக்கூடப் பிடிச்சு விடேல்லை."

அந்த அரசாங்கத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, மாறாது. ஆனால் இன்று வெட்கமாக இருக்கிறது.

"சொரி" என்பதை இங்கே பஸ்ஸில் காலை மிதித்தாலே சொல்கிறோம். அது போதாது. சீன மொழியில் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதுங்கள், பாடமாக்கிக்கொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும்.