கோபத்தோடு தொடக்கூடாத இறைச்சி

பழங்குடி மக்கள் கூடி வழிபட்டு உண்ணும் நெடுவீட்டுச் சமையலறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மனசில் கோபம் இருப்பவள் அங்கே கத்தியையும் தொடக்கூடாது, கரண்டியையும் தொடக்கூடாது. கோபம் சோற்றில் இறங்கும், உண்டவர் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள் அதை வாசலிலேயே சொல்லிவிட்டு விறகு அடுக்கப் போய்விட வேண்டும். லவர்னாவுக்குக் கோபமே வராது என்று யாரும் சொன்னதில்லை. வந்தால் முதலில் ஏப்ரனைக் கழற்றிவிடுவாள் என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் அவளைத் தலைமைச் சமையல்காரி ஆக்கினார்கள்.

மற்ற நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வசந்தத்தில் முதல் காட்டுக்கிழங்கு தோண்டி, கிழங்கு விருந்து வந்தால் நெடுவீடு. அன்று தண்ணீர், சால்மன், மான், கிழங்கு, காட்டுப்பழம் என்று ஒவ்வொன்றும் அதனதன் முறைப்படி மேசைக்கு வரும். பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றையும் தங்கள் மொழியில் பெயர் சொல்லி அழைப்பார். அழைத்ததை எல்லோரும் ஒன்றாகச் சுவைப்பார்கள். மேசையில் இல்லாததை அழைப்பதில்லை. அப்படி அழைக்கப்படாமலே போனது கவைக்கொம்பு மானின் பெயர். துப்பாக்கியும் வேலியும் வந்து அதைத் துடைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மொழியில் மட்டும் பெயர் கிடந்தது, ஆள் போன வீட்டில் சட்டை தொங்குவது போல.

அதைத் திருப்பிக் கொண்டு வரலாம் என்று இந்தப் பழங்குடியினர் மாநில வனவிலங்குத் துறையிடம் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். பயிரை மேய்ந்தால் கோதுமை விவசாயிகளுக்கு யார் பதில் சொல்வது என்று துறைக்காரர்கள் தட்டிக் கழித்தார்கள். கடைசியில் இனக்குழுவே லாரி எடுத்துக்கொண்டு, மான்களைப் பிடித்து வரத் தெற்கே வறண்ட நாட்டுக்குப் போனது. லவர்னா சமையலுக்குத்தான் போனாள். ஆனால் அங்கே ஆள் போதவில்லை. கண் கட்டிய பெட்டை மான் ஒன்றின் தலையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அது மூச்சு விட்ட சூடு அவள் பாவாடையைத் தாண்டித் தொடையில் பட்டது.

மந்தை பெருகும்வரை நம்மில் யாரும் அதை வேட்டையாடக் கூடாது என்று சபை கூடியபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். அவளுடைய சித்தி மகன் எல்வுட் வேட்டைக்காரன். "உனக்கென்னக்கா, ஈஸியா கை தூக்கிட்டே. என் துப்பாக்கிக்குத் துரு ஏறுது" என்று முனகினான். ஆனாலும் அவன் துப்பாக்கியை எடுக்கவில்லை.

இந்த வருஷ விருந்துக்கு முந்தின நாள், நெடுவீட்டின் பின்வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோதுமை போடும் கார்ல் ஸ்ட்ரோபெல். தொப்பியைக் கழற்றிக்கொண்டே இறங்கினார்.

"லவர்னா, நாளைக்கு விருந்தாமே. வீணாப் போகக் கூடாதுன்னு கொண்டு வந்தேன். உங்க ஆளுங்களுக்குப் பிடிக்குமே."

பின்னால் இரண்டு பெட்டை மான்கள் கிடந்தன. ஒன்றின் கழுத்தில், கொண்டு வந்து விட்டபோது இவர்கள் மாட்டிய அடையாளப் பட்டை. இரண்டுக்கும் வயிறு உருண்டிருந்தது.

"யார் சுட்டது?"

"நான்தான். அனுமதி இருக்கு. பயிரு பூரா மேஞ்சிருச்சுங்க. துறைக்கு ஒரு போன் போட்டேன், குடுத்துட்டாங்க."

"வேலிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"கேட்டு திறந்து கிடந்துச்சு போல. உள்ள வந்தது வெளிய போகத் தெரியாம வேலியோரமாவே ஓடிட்டு இருந்துச்சு."

தெரியாதுதான். காற்றை முந்தி ஓடும் அந்த மானுக்கு வேலி தாண்டும் பழக்கமில்லை, அடியில் நுழைந்துதான் போகும். ஸ்ட்ரோபெல்லின் வேலி தரைவரை பின்னிய ஆட்டுக் கம்பிவலை.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. கெட்டவனாக இருந்தால் வசவாவது வாய்க்கு வந்திருக்கும். அவர் மான்களை இறக்கி வைத்துவிட்டு, நல்லது செய்த முகத்தோடு கிளம்பிப் போனார்.

தங்கை மகள் டேனிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "பெரியம்மா, எப்படி வந்தா என்ன, வந்திருச்சுல்ல? நாளைக்கு மேசையில வச்சுப் பேர் சொல்லிக் கூப்பிட்டுரலாமே. இத்தனை வருஷத்துக்கப்புறம்."

லவர்னா ஒரு கணம் ஆசைப்பட்டாள். அந்தப் பெயரைக் கேட்கத்தானே அத்தனை தூரம் போனாள்?

"எலிய அடிக்கிற மாதிரி அடிச்சுப் போட்டிருக்கான். அதை வச்சுக்கிட்டு எந்த வாயால பேர் சொல்றது? நாம காத்திருந்தோம்டி. காத்திருக்காதவன் சுட்டதா முதல்ல மேசைக்கு வரணும்?"

"அப்ப புதைச்சிரலாமா?" என்றான், சத்தம் கேட்டு வந்து நின்ற எல்வுட்.

"புதைச்சா இன்னொரு தடவை கொன்ன மாதிரி. நீ உரிச்சு, படுக்கையில கிடக்கிறவங்க வீடுகளுக்குக் குடு. கறின்னு குடு. விருந்துன்னு குடுக்காத."

"நான் தொடலாமா? எனக்குக் கோபம் இருக்கே."

"இருக்கா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இல்லக்கா. அழுகைதான் வருது."

"அதுக்குத் தடை இல்ல."

லவர்னா தன் ஏப்ரனைக் கழற்றப் போனாள், முடிச்சு கைக்கு அவிழவில்லை. டேனிகாதான் பின்னால் வந்து அவிழ்த்துவிட்டாள். "நீங்க இல்லாம நான் எப்படி?" என்றாள். "கிழங்குத் தண்ணி கொதிச்சு வழிய விடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு லவர்னா வெளியே நடந்தாள்.

மறுநாள் நகரத்தில் மாநிலத் துறையின் பொதுக் கூட்டம். கிழங்கு விருந்து நாளில் அதை வைக்காதீர்கள் என்று பலமுறை சொல்லியாயிற்று, கேட்பதில்லை. நெடுவீட்டில் மணி அடித்துப் பாட்டுத் தொடங்கும் நேரத்தில், லவர்னா அங்கே ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். கழுத்துப் பட்டையை மேசைமேல் வைத்தாள்.

அனுமதி கொடுத்த இளம் அதிகாரி, "பயிர்ச் சேதம்மா. சட்டப்படிதான் குடுத்தோம்" என்றான்.

"ஸ்ட்ரோபெல் எத்தனை தடவை கேட்டாரு?"

"ஒரு தடவை."

"நாங்க?"

அவன் முன்னால் இருந்த தாள்களைப் புரட்டினான்.

"மானு அந்தப் பக்கம் போனா ஒரு போன் பண்ணுங்க, நாங்களே வந்து ஓட்டிட்டுப் போறோம்னு நம்பர் குடுத்தோமே. அது எங்க?"

"கோப்புல இருக்கும்மா."

"கோப்புக்குள்ள இருந்தா எங்க வீட்டு போன் மணி எப்படி அடிக்கும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூட்டத் தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "கொஞ்சம் கோபப்படாமப் பேசினா நல்லாருக்கும்" என்றார்.

"கோபப்படாம இருக்க வேண்டிய இடத்தை விட்டுட்டுத்தான் இங்க வந்திருக்கேன். எங்க ஜனம் இப்ப சாப்பிட உட்கார்ந்திருக்கு. நான் அங்க இல்ல. குட்டி போட இருந்த ரெண்டு மானும் இல்ல. நாங்க எங்க கையைக் கட்டிக்கிட்டு வளர்த்தோம். நீங்க ஒரு போன்ல கொன்னுட்டு, மீதியை எங்க பின்வாசல்ல வைக்கிறீங்க."

"உங்க கருத்தைப் பரிசீலிக்கிறோம். நேரம் முடிஞ்சுதுங்க. அடுத்தவர் வரலாம்."

காட்டு வாத்து உரிமம் பற்றிப் பேச வந்த ஒருவர் எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். லவர்னா நகரவில்லை.

"பரிசீலிக்க வேணாம். எழுதுங்க. சுடறதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிடணும். கூப்பிட்டு, நாங்க வராட்டித்தான் அனுமதி. இப்ப, நான் பாக்கும்போதே எழுதுங்க."

வாத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். பிறகு, "எழுதிருங்கப்பா, எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

இளம் அதிகாரி தலைவரைப் பார்த்தான். தலைவர் கூரையைப் பார்த்தார். அவன் பேனா மூடியைக் கழற்றினான். அவன் எழுதுகிற ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாகவே படித்தபடி லவர்னா நின்றாள். "கூப்பிடலாம்" என்று எழுதியிருந்தான். அவள் விரலால் மேசையைத் தட்டினாள்.

"கூப்பிடணும்."