போய்ப் பார்க்க வேண்டிய வீடுகள்

ஆகஸ்ட் மாதம் சேஜ்வெல்லில் காரைப் பூட்டாமல் நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் யாராவது பின்சீட்டில் வெள்ளரியைப்போல நீண்ட சுக்கினிக்காயை ஒரு பை நிறையப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அப்படிக் காய்த்துத் தள்ளும். ஆர்வில்லா ஆல்ரெட் மட்டும் அதை யார் தலையிலும் கட்டமாட்டாள். துருவி, பட்டை இடித்துப் போட்டு, ரொட்டியாகச் சுட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிடுவாள். மாதாமாதம் அவளும் கணவர் டெல்மரும் போய்ப் பார்க்கும் வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒன்று.

எங்கள் மோர்மன் சபையில், ஞாயிற்றுக்கிழமை வராமல் போனவரை அப்படியே விட்டுவிடும் வழக்கம் கிடையாது. கணவன் மனைவியாக ஒரு ஜோடியை அனுப்பிவைப்போம். அவர்கள் போய் உட்கார்ந்து, குழந்தை குட்டிகளை விசாரித்து, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வரவேண்டும். 'வராதவர்' என்று யாரும் சொல்வதில்லை. 'கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறார்' என்போம். ஒதுங்கியிருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசலில் ரொட்டியைக் கண்டதுமே காப்பிப் பாத்திரத்தைத் தூக்கி அலமாரிக்குள் ஒளித்துவிடுவார்கள். எங்கள் சபையில் காப்பி குடிக்கக் கூடாது. பாத்திரத்தை ஒளிக்கலாம், வாசனையை எங்கே ஒளிப்பது? ஆர்வில்லா மூக்கே இல்லாதவளைப்போல உட்கார்ந்திருப்பாள்.

டெல்மர் வான்கோழிப் பண்ணை வைத்திருந்தவர். நடுவயதில் சில வருஷம் சபையின் பிஷப்பாகவும் இருந்தார். பிஷப் என்றால் சம்பளம் கிடையாது, அங்கி கிடையாது. பண்ணையில் தீவனம் போட்டுவிட்டு, குளித்து, டை கட்டிக்கொண்டு போய்ச் சபைக் கட்டடத்தின் சின்ன அறையில் உட்காரவேண்டும். செய்த தப்பைச் சொல்ல வருகிறவர்களுக்குக் காது கொடுக்கவேண்டும். ஊரில் பாதிப்பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். கேட்டதில் ஒரு சொல்லைக்கூட டெல்மர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஆனால் கனமான விஷயம் எதையாவது கேட்டுவிட்டு வந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது. தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். "என்ன ஆச்சு டெல்?" என்றால், "ஒண்ணுமில்ல, யாரோ வந்திருந்தாங்க" என்பார். ஆர்வில்லா அதற்குமேல் கேட்கமாட்டாள். தட்டை எடுத்து மூடிவைத்துவிடுவாள்.

எழுபத்தைந்து வயதைத் தாண்டியதும் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் பெயர்கள், அப்புறம் பேரப்பிள்ளைகள். குளியலறையில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிப்பார். ஆர்வில்லா யாரிடமும் மூச்சுவிடவில்லை. பாய்ஸியில் இருக்கும் மகள் ரினேவுக்கு மட்டும் தெரியும். "அம்மா, அப்பாவை வீடுவீடா இழுத்துட்டு அலையாதீங்க. ஏதாவது ஏடாகூடமா ஆகப்போகுது" என்று போனில் சொன்னாள். "நான் எங்கடி இழுத்துட்டு அலையுறேன்? சபை வேலைக்குப் போறோம்" என்று ஆர்வில்லா போனை வைத்துவிட்டாள்.

மகளுக்கு ஒன்று தெரியாது. வீடு பார்க்கப் போகும் நாளில் மட்டும் டெல்மர் திரும்பி வருவார். மற்ற நாட்களில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத விரல்கள் அன்றைக்கு டையைத் தானாகவே முடிச்சுப் போடும். காரில் ஏறி, "இன்னைக்கு யார் வீடு, ஆர்வி?" என்பார். போன வீட்டில் நேராக உட்கார்ந்து, வயதானவரிடம் முழங்காலைப் பற்றியும் சின்னவரிடம் வேலையைப் பற்றியும் கேட்பார். ஜெபத்தில் ஒரு வார்த்தை தடுமாறாது. மாதத்தில் அந்த ஒரு சாயங்காலம் ஆர்வில்லாவுக்குப் புருஷன் இருந்தார். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அக்டோபரில் ஒரு வீட்டில் அவர், "என்ன ரெக்ஸ், பீரை விட்டுட்டியா? அன்னைக்கு அப்படி அழுதியே" என்றார். ரெக்ஸ் சிரித்து மழுப்பிவிட்டார். ஆர்வில்லாவுக்குப் புரிந்துவிட்டது. அது அந்தச் சின்ன அறையில் சொல்லப்பட்டதாகத்தான் இருக்கவேண்டும். அன்றோடு அவள் நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. நவம்பரில் இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓல்சன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மார்வா ஓல்சன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். டுவைட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே மார்வா சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, மற்றவர்களுக்கும் தெரியாது. மனைவி நின்றதும் டுவைட்டும் நின்றுவிட்டார். மனுஷனுக்குச் சபைமேல் கோபமெல்லாம் இல்லை. மார்வா இல்லாமல் அந்தப் பெஞ்சில் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"வாங்க பிஷப்! ரொட்டி வந்துருச்சா?" என்று டுவைட் கதவைத் திறந்தார். எங்கள் ஊரில் ஒருதரம் பிஷப் ஆனவர் கடைசிவரை பிஷப்தான்; சபைப் பெண்கள் எல்லோரும் சிஸ்டர். "சிஸ்டர் ஆல்ரெட் ரொட்டியைத் தின்னே நான் பரலோகம் போய்ச் சேர்ந்துருவேன்போல."

"இவரு போனா அங்க இருக்கிறவங்களுக்கு ரொட்டி மிஞ்சாது" என்றாள் மார்வா.

எல்லோரும் சிரித்தார்கள். மார்வா ரொட்டியை அறுத்துத் தட்டில் வைத்தாள். டெல்மர் சாப்பிடவில்லை. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணங்கள் நடக்கும் மான்டை ஆலயத்துப் படிக்கட்டில் வெள்ளை உடுப்பில் மார்வா, பக்கத்தில் பெரிய காதும் ஒல்லி உடம்புமாக டுவைட். டெல்மர் முன்னால் சாய்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டார். ஆர்வில்லா அதுவரை கேட்டேயிராத தாழ்ந்த, கனிந்த குரல் அவரிடமிருந்து வந்தது.

"வந்துச்சாம்மா?"

"என்னது பிஷப்?" என்றாள் மார்வா.

"டுவைட் மேல பிரியம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் ரூம்ல உக்காந்து அழுதியே, அவனைப் பிடிக்கல, என்னால முடியாதுன்னு. பத்திரிகை கொடுத்தாச்சு, ஆலயத்துல நாள் குறிச்சாச்சு, கட்டிக்கோ, பிரியம் தானா வரும்னு நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேனோன்னு எனக்குத் தூக்கமே வர்றதில்லம்மா. வந்துச்சா?"

டுவைட் கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் தெரிந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. "வெளியே குழாய் உறைஞ்சிருக்கும், பாத்துட்டு வர்றேன்" என்று கோட்டைக்கூட எடுக்காமல் பனியில் இறங்கிப் போனார்.

"அவருக்கு உடம்பு சரியில்ல மார்வா. வாய்க்கு வந்ததைப் பேசுறாரு" என்றாள் ஆர்வில்லா.

"வாய்க்கு வந்தது இல்ல, சிஸ்டர். அதான் உங்களுக்கே தெரியுதே" என்றாள் மார்வா.

டெல்மர் அதற்குள் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அழகான ஜெபம். இந்த வீட்டில் சமாதானம் தங்கவேண்டும் என்று கேட்டார். திரும்பும் வழியில் காரில், "நல்ல ஜனங்க. நல்லாப் போச்சு, இல்ல ஆர்வி?" என்றார்.

"ஆமா டெல், நல்லாப் போச்சு" என்றாள் அவள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மளிகைக்கடையில் மாவு அடுக்குக்கு நடுவே மார்வாவைப் பார்த்தாள். ஓடிவிடலாமா என்று தோன்றியது. மார்வாதான் தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"டுவைட் எப்படி இருக்காரு?" என்று ஆர்வில்லா கேட்டாள்.

"கீழ் ரூம்ல படுத்துக்கிறாரு. சண்டை கிண்டை எதுவும் இல்ல. சண்டை போட்டாலாவது பரவாயில்ல." மார்வா மாவுப் பையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். "கூத்து என்னன்னு சொல்லட்டுமா? பிஷப் சொன்ன மாதிரியே வந்துச்சு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு. எனக்கு ஆபரேஷன் ஆனப்ப, லாரியை அப்படியே நடுவழியில விட்டுட்டு ஓடிவந்தாரு. அன்னைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் பொய்யா நடிச்சேன், அந்த வெட்கத்துலதான் சபைக்கே வரல. இப்ப நிஜமா இருக்கு, சொன்னா நம்பமாட்டேங்கிறாரு. 'பிஷப் கேட்டப்ப ஏன் சும்மா இருந்தே?'ங்கிறாரு. நான் என்ன சொல்றது? சொல்லுங்க."

மார்வா திரும்ப வைத்த மாவுப் பையை ஆர்வில்லா எடுத்து அவள் வண்டியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை நடுவில், இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து டெல்மர் முன்னால் சாய்ந்து கைகளைக் கோத்தார். ஆர்வில்லா பாட்டு முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் அவரிடம் அழாதவர் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதன்பிறகு அவர்கள் சபைக்கே போகவில்லை. வீடு பார்க்கும் வேலையிலிருந்தும் விடுவித்துவிடும்படி இப்போதைய பிஷப்பிடம் கேட்டாள். அவர் பல் டாக்டர், நல்ல மனிதர். "ஏதாவது மனவருத்தமா சிஸ்டர்?" என்றார். காரணத்தைச் சொன்னால் ஊரே அவரவர் ரகசியத்தை நினைத்து நடுங்கும். ஆர்வில்லா வாயைக் கட்டிக்கொண்டாள்.

டெல்மருக்கு மட்டும் அது புரியவில்லை. சில சாயங்காலங்களில் டையைக் கட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிடுவார். அவள் வண்டியை எடுத்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, தங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துவாள். அவரும் கதவைத் தட்டிவிட்டு மரியாதையாக உள்ளே வருவார்.

மார்ச் மாதம் அழைப்புமணி அடித்தது. டைசன், கெல்சி என்று புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி. கெல்சி கையில் துணி சுற்றிய வாழைப்பழ ரொட்டி. ஜன்னல் வழியே பார்த்த ஆர்வில்லாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியில் கிடந்த பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலத்தைச் சோபாவுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"உங்களைப் பாக்காம ஏதோ குறையுது சிஸ்டர். உங்க பெஞ்சு காலியாவே இருக்கு" என்றாள் கெல்சி. இதே வார்த்தைகளை எத்தனை வீட்டில் ஆர்வில்லா சொல்லியிருப்பாள்! கேட்கிறவருக்கு அது எப்படி உறைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டெல்மர் டையோடு வந்து, வந்தவர்கள் பக்கத்தில் அவர்களோடு ஒருவராகச் சோபாவில் உட்கார்ந்தார். எதிரே தனியாக இருந்த ஆர்வில்லாவைப் பார்த்து, "வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்றார்.

டைசன் தரையைப் பார்த்தான். ஆர்வில்லா, "கொஞ்சம் ஒதுங்கியிருக்காரு" என்றாள்.

ஜெபத்தை டெல்மரே சொன்னார். "பரலோகப் பிதாவே, இந்த வீட்டம்மா ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. என்னன்னு சொல்லமாட்டேங்கிறாங்க. அவங்களைக் கைவிட்டுராதீங்க" என்றார். கெல்சி அழுதுவிட்டாள். இருவரும் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

டெல்மர் போகவில்லை. முன்னால் சாய்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டார். அந்தக் குரல் வந்தது.

"மனசுல இருக்கிறதைச் சொல்லுங்கம்மா. இந்த ரூமைத் தாண்டாது. என் மனைவிகிட்டகூடச் சொல்லமாட்டேன்."

ஆர்வில்லா நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். ரெக்ஸ் வீட்டிலேயே தனக்குத் தெரிந்துவிட்டதையும், தெரிந்தும் கூட்டிப்போனதையும், மாதம் ஒரு சாயங்காலம் புருஷன் கிடைப்பதற்காக ஒரு குடும்பத்தைக் கெடுத்ததையும், சில சமயம் அவர் சீக்கிரம் போய்ச்சேர்ந்தால் தேவலை என்று நினைப்பதையும் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இருட்டியதும் அவள் உருளைக்கிழங்கை வேகவைத்துப் பரிமாறினாள். டெல்மர் தட்டைத் தொடவில்லை. கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். திருப்பி வைத்துவிட்டார்.

"என்ன ஆச்சு டெல்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல ஆர்வி" என்றார் அவர். "யாரோ வந்திருந்தாங்க."