கால்மாட்டில் மட்டும் மொட்டு

மகேஸ்வரி அக்கா போய்விட்டார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் அழுதபோது, நான் பெரியகல்லாற்று வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்காமல் அப்படியே குந்திவிட்டேன். மத்தியானத்துக்குள் எங்கள் கைப்பணி நிலையத்தின் அஞ்சலிப் படம் வந்தது: ‘சாந்தமே உருவானவர்.’ வந்த அழுகை நின்று கோபம் ஏறியது. அக்காவா சாந்தம்? அவரோடு இருந்து கொக்கி ஊசியால் குரோசே பின்னியவர்களே, நீங்களே சொல்லுங்கள்!

பன்னிரண்டு வருடம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான். மட்டமான நூல் வந்துவிட்டால், காத்தான்குடிக்கு பஸ் ஏறிப்போய்க் கடைக்கார அண்ணனைக் ‘காக்கா’ என்று கூப்பிட்டு, அவர் முன்னாலேயே இழுத்து அறுத்துக் காட்டுவார். “காக்கா, பச்சப்புள்ளட மேலுக்கு இந்தக் கயித்தையா போத்துற?” கடைக்காரர் சிரித்துக்கொண்டு உள்ளேயிருந்து வேறு உருண்டை எடுத்துத் தருவார்.

இனி அந்தப் போர்வைக் கதை. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து சுமதி என்ற கர்ப்பிணிப் பெண், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போர்வை கேட்டு நிலையத்துக்கு வந்தாள். கண் பார்வை இல்லாதவள். அக்கா நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. “எப்பிடி இருந்தா உங்களுக்கு வசதி?” என்று கேட்டார்.

“கால்மாடு எது, தலைமாடு எது எண்டு தடவினாத் தெரியணும் அக்கா. காலில கிடந்தது முகத்தில படப்படாது.”

அக்கா கால்மாட்டில் மட்டும் மொட்டு மொட்டாகப் புடைக்கும் பின்னலைப் போட்டார். ஒரே கண்ணியில் ஐந்து தரம் நூலை இழுத்து ஒன்றாகப் பூட்டும் வேலை. தலைமாட்டை வழவழவென்று விட்டார்.

பிள்ளை பிறந்தது. போர்வை கொடுக்கும் விழாவுக்கு முதல்நாள் நிலையப் பொறுப்பாளர் அதை விரித்துப் பார்த்து, “ஒரு பக்கம் குறையாக் கிடக்கு. படத்தில வடிவா வராது,” என்றார். அக்கா அன்றைக்கு வரவில்லை. மற்றப் பக்கத்திலும் மொட்டுப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான். விசயம் தெரிந்தும் போட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

மேடையில் சுமதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போர்வையைத் தடவினாள். ஒரு முனை, மறுமுனை, திரும்பவும் முதல் முனை. “ரெண்டும் ஒண்டாக் கிடக்கே,” என்றாள்.

அக்கா விறுவிறென்று மேடையேறினார். கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டி, நான் போட்ட வரிசையைக் கடகடவென்று உருவினார். பேசிக்கொண்டிருந்த பொறுப்பாளரைப் பார்த்து, “இதையும் படம் எடுங்க!” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். “சுமதியிட்ட ஒரு சொல்லுக் கேட்டியா நீ?”

அதற்குப் பிறகு நிலையம் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. பணிவில்லாத மனிசி என்று அன்றைக்குச் சொன்ன அதே வாய்தான் இன்றைக்குச் சாந்தம் என்கிறது. சீ! ஒருவர் செத்த பிறகு அவருடைய கோபத்தையும் பிடுங்குவது என்ன அஞ்சலி? அன்றைக்கு அவரோடு எழுந்து போகாமல் கதிரையில் ஒட்டிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துத்தான் ஏசுகிறேன்.

நேற்றுப் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அந்தப் போர்வையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். சுமதி வீட்டுக்கு நான் போய் வாங்கி வரவேண்டுமாம்.

“சுமதியிட்ட கேட்டீங்களா?”

“அதில கேக்க என்ன கிடக்கு?”

“அது அவட புள்ள போத்திப் படுக்கிற போர்வை. நான் போகமாட்டன்,” என்றேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அவர் இருக்கும்போது அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.