கண்ணாடியாய்ப் பளபளத்த குழல்

துப்பாக்கிக் கடையின் பின்னறையில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரே முக்காலியில் அமர்ந்திருந்தவரை எல்லோரும் கண்ணளவு மேஸ்திரி என்றே அழைத்தனர். முதலில் கண் அளக்கும். பிறகு கருவி அதற்கு ஆமாம் போடும். பழைய துப்பாக்கிக்கு அவர் சொன்னதே விலை. அந்தப் பெருமையை அவர் வெளிக்காட்டியதில்லை. ஒருநாளும் இறக்கி வைத்ததுமில்லை.

அன்று வந்த அம்மாள் போர்வைச் சுருள் ஒன்றை மேசைமேல் மெல்லக் கிடத்தினார். கணவர் இறந்து நான்கு மாதம். உரிமம் அவர் பெயரில் இருந்ததால் துப்பாக்கியை விற்றாக வேண்டும்.

"அசல் இங்கிலீஷ் சாமான் மேஸ்திரி. வீட்டுல வேற எதுவும் மிஞ்சல. 'நான் போனாலும் இது உன்னைப் பார்த்துக்கும்'னு சொல்லிட்டே இருப்பார். மாசாமாசம் எண்ணெய் போட்டுத் தொடைப்பார். என்னைக்கூட அப்படிப் பார்த்துக்கிட்டதில்ல."

"அது எதிர்த்துப் பேசாதேம்மா!" என்று அருகில் நின்ற கடை முதலாளி சிரித்தார். அம்மாளும் சிரித்துவிட்டார்.

மேஸ்திரி துணியை விலக்கினார். அருகருகே அமைந்த இரட்டைக் குழல். குழல், விசை இயங்கும் பூட்டு, கட்டை மூன்றிலும் ஒரே எண். மாற்றுப் பாகம் கலவாத அசல். ஆனால் பூட்டின் பக்கங்களில் செதுக்கிய கொடியும் மலரும் தேய்ப்பில் மழுங்கிக் கிடந்தன. குழல்களைக் கழற்றிச் சன்னலுக்கு நேரே பிடித்தார். உள்ளே ஒரு துருப்புள்ளி இல்லை, கண்ணாடியாய்ப் பளபளத்தது. வேறு எவரும் மயங்கியிருப்பர். அவருக்குச் சந்தேகம் தட்டியது. நூறு வயதுக் குழல் அப்படி மின்னலாகாது.

குழலின் அடியில் உள்ள தட்டைப் பகுதியில் சோதனைச்சாலை முத்திரையும், செய்த நாளில் இருந்த உள்விட்டமும் வெட்டப்பட்டிருந்தன. அளவியை உள்ளே செலுத்தினார். முத்திரை சொன்னதைவிடக் குழல் அகன்றிருந்தது. சுவர் அந்த அளவுக்கு மெலிந்திருந்தது. இனித் தோட்டா போட்டால் சுடுபவர் கைக்கே ஆபத்து. துருப்புள்ளியைப் போக்குகிறேன் என்று எவனோ உள்ளே கடைந்து தள்ளியிருக்கிறான்.

"எந்தப் புண்ணியவானோ" என்று முணுமுணுத்தபடி, குழலுக்கடியில் இடக்கை பற்றும் முன்கட்டையைத் திருப்பினார். மரத்தின் உட்புறத்தில் அர நுனியால் இட்ட சிறு பிறை ஒன்று தெரிந்தது.

அது அவருடைய அடையாளம். தம் கைக்கு நிகரில்லை என்றிருந்த இளவயதில், மனம் நிறைந்த வேலைகளில் மட்டும் யாரும் அறியாமல் இட்டது. அந்நாளில் இதே துப்பாக்கியோடு வந்து தாழ்ந்த குரலில் பேசிய ஒருவர் நினைவில் வந்து நின்றார். "புள்ளி இருந்துட்டுப் போகட்டும் மேஸ்திரி. சுடுறதுக்குத் தடையில்லையே." அதற்குத் தாம் சொன்னதும் கூடவே வந்தது. "என் கையில குடுத்துட்டீங்கல்ல? பேசாம போய் டீ குடிச்சிட்டு வாங்க."

முதலாளியை ஓரமாக அழைத்தார். "இது நான் பண்ணின வேலை."

"முப்பது வருஷக் கதை. வாயைத் திறந்தீங்க, நாளைக்கு உங்க சொல்லை எவன் நம்புவான்? கடைக்கும் சேர்த்துப் பூட்டுப் போட வேண்டியதுதான். 'பராமரிப்புக் குறை'ன்னு எழுதுங்க."

மேஸ்திரி மதிப்புத் தாளை எடுத்தார். முதலாளி சொன்னபடியே எழுதி அம்மாளிடம் நீட்டினார்.

"சுட உதவாதும்மா. அலங்காரத்துக்கு மாட்டி வைக்கிற விலைதான்."

"ஏன்?"

"சரியா... பார்த்துக்கல."

அம்மாள் தாளை வாங்கிப் படித்தார். "அப்ப மாசாமாசம் தொடைச்சது?"

மேஸ்திரி அளவியைத் துடைத்து உறையில் வைத்தார்.

"இதையாவது உருப்படியா வெச்சிருப்பார்னு நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இத்தனை வருஷம் உட்கார்ந்து வேடிக்கை காட்டியிருக்கார் மனுஷன்."

சொன்ன விலைக்கே விட்டுவிட்டு, போர்வையை மட்டும் மடித்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

மேஸ்திரி அரத்தை எடுத்தார். பிறை நாலு இழுப்பில் மறைந்தது. தேய்த்த இடத்திலிருந்து மரத்தூளோடு எண்ணெய் மணம் எழுந்தது. ஒரு மாதமும் தவறாமல் ஒருவர் இட்டு வந்த எண்ணெய், கட்டையின் உள்வரை ஊறியிருந்தது.