எப்போதும் சூடான வீடு

ஜெர்மனியின் ஹம் நகரத்தில், புகையிரத நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்றாம் மாடி வீடொன்றில் அந்தத் தை மாதம் குடிபுகுந்த குளிரைப் பற்றி ரஞ்சினி அக்கா சொல்வதை முழுக்க நம்பத் தேவையில்லை. சாமித்தட்டில் ஏற்றிய சுடர் நடுங்கிக்கொண்டே சால்வை கேட்டது என்பாள். தேங்காய் எண்ணெயைக் கோடரியால் கொத்தித்தான் தலைக்கு வைத்தார்கள் என்பாள். எண்ணெய் உறைந்தது மெய். கோடரி அவளுடைய கைச்சரக்கு.

அந்த வீட்டுக்காரி புஸ்பவதி. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் அரைநாள் வேலை. கணவர் தம்பித்துரை கம்பித் தொழிற்சாலையில் நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்டு நேரத்தோடே ஓய்வூதியத்துக்கு வந்தவர். குளிர்காற்றை உள்ளே இழுத்தால் திருப்பி விடுவதற்கு அவர் படும் பாட்டைப் பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். அவருக்காகப் போன மாரிக்குளிர் முழுவதும் வீட்டைச் சூடாக்கும் ஹைற்சுங்கை இரவு பகலாக ஓடவிட்டார்கள். எரிவாயு விலை ஏறியதை அந்த இரும்பு அடுக்குகள் அவளுக்குச் சொல்லவில்லை. வருடக் கணக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கட்டக்கூடியதைக் கட்டினாள், மிச்சம் நின்றது. மிச்சத்தையும் கட்டாவிட்டால் குழாயைப் பூட்டுவோம் என்று எரிவாயுக் கம்பனி எழுதியது.

அன்றே எல்லா ஹைற்சுங்கையும் பூட்டிவிட்டுக் கட்டிலைக் குசினிக்குள் இழுத்துவந்தாள். மின்னடுப்பு ஒன்றுதான் இருவருக்கும் சூரியன். சமைத்த ஆவி போக வழியில்லாமல் முன்னறைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, ஆள் உயரத்துக்குக் கறுப்பாய்ப் பூத்தது.

அரசாங்க உதவி கொடுக்கும் சோசல் அலுவலகம் அப்படிப்பட்ட பாக்கியைத் தானே கட்டிவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளும் என்று சலவையில் நின்ற ஒருத்தி சொன்னாள். புஸ்பவதி கூச்சத்தைக் கொடுப்புப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதிப் போட்டாள். வீட்டு நிலைமையைப் பார்க்க வெரோனிக்கா என்ற உத்தியோகத்தர் வருவார், அதற்குக் குறித்த டெர்மின் இன்ன நாள் என்று பதில் வந்தது.

பதிலை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு ரஞ்சினி அக்காவிடம் போனாள். இருபது வருடமாகச் சீட்டுப் பிடித்து, ஆளின் நடையைப் பார்த்தே தவணை தப்புமா தப்பாதா என்று சொல்லக்கூடியவள் ரஞ்சினி.

"கடனாத்தானே தருவினம்?" என்று கேட்டாள் அவள். "அப்ப வெறுங்கழுத்தோடை நிண்டு கேக்காதை. இல்லாதவைக்கு ஆர் கடன் குடுக்கிறது? திருப்பித் தருவாள் எண்டு வீடு சொல்லவேணும்."

புஸ்பவதிக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவளறிந்த கடனெல்லாம் அப்படித்தான் வந்தது. போதாததற்கு வருவது விருந்தாளி. குளிர்ந்த வீட்டில் ஒரு விருந்தாளியை இருத்துவதும் வாசலில் மறித்துத் திருப்பி அனுப்புவதும் ஒன்றுதான்.

டெர்மினுக்கு முதல்நாளே எல்லா ஹைற்சுங்கையும் கடைசி இலக்கத்துக்குத் திருப்பினாள். ரஞ்சினி கொடுத்த மின்சாரக் கணப்பு நடைவழியில் கனன்றது. கட்டில் அறைக்குத் திரும்பியது. கறுத்த சுவருக்குத்தான் வழி தெரியவில்லை. கடைசியில், எறிய மனமில்லாமல் சுருட்டி வைத்திருந்த கோயில் கலண்டர்கள் கைகொடுத்தன. ஐந்து வருடத்து அம்மன்களும் முருகன்களும் பிள்ளையாரும் வரிசையாக நின்று பூஞ்சணத்தைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

வெரோனிக்கா வந்தபோது வீடு அப்பச்சட்டி போல இருந்தது. அவள் கோட்டைக் கழற்றினாள். கழுத்துத் துணியைக் கழற்றினாள். கம்பளிச் சட்டையையும் கழற்றினாள். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் தோலையும் கழற்றியிருப்பாள் என்பது ரஞ்சினியின் கணக்கு. பட்டுச்சேலையும் இரவல் சங்கிலியுமாகப் புஸ்பவதி உளுந்துவடையும் கேசரியும் பரிமாறினாள். ஒரே சுவரில் ஏன் ஐந்து வருடக் கலண்டர் என்று வெரோனிக்கா கேட்க, எங்கள் ஆட்கள் சாமிப்படம் எறிவதில்லை என்றாள். அதுவும் மெய்தான்.

எழும்பும்போது வெரோனிக்கா அன்பாகச் சிரித்து, வீடு நல்ல சூடாக இருக்கிறது, எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள்.

வீட்டைப் புகழ்ந்த விருந்தாளிக்கு வேறென்ன சொல்வது? "இமர்," என்றாள் புஸ்பவதி. எப்போதும்.

வெரோனிக்கா அதைக் குறித்துக்கொண்டு படியிறங்கினாள்.

அறைக்குள் தம்பித்துரை கட்டிலில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். குளிரில் மூச்சு முட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்தபடியே நித்திரை கொண்ட மனிதர். தொழிற்சாலையில் ஜெர்மன்காரரோடு பேசிப் பழகியவர் என்பதால் அவருக்கு முன்னறைப் பேச்சு அத்தனையும் விளங்கியிருந்தது.

"புஸ்பம், எப்பவும் சூடெண்டு சொல்லிப்போட்டியே?"

"பின்னை, மானத்தை விக்கச் சொல்லுறியளே?"

"சூடா இருக்கிற வீட்டைச் சூடாக்க ஆர் காசு தருவினம்?"

அவள் கையிலிருந்த வடைத்தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வீட்டுச் செருப்போடு மூன்று மாடியும் இறங்கி, பனிச்சேற்றில் பட்டுக்கரை இழுபட, பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினாள். எதையோ விட்டுவிட்டு வந்தோமாக்கும் என்று வெரோனிக்கா தன் பையைத் தடவினாள்.

புஸ்பவதி தனக்குத் தெரிந்த ஜெர்மனைத் துண்டு துண்டாக எடுத்து வைத்தாள். சூடு பொய். சங்கிலி கீழ்வீட்டுடையது. கலண்டருக்குப் பின்னால் சுவர் கறுப்பு. கணவருக்கு மூச்சு இல்லை. நாட்டை விட்டு வந்தபோதுகூட யாரிடமும் இப்படி நின்று கேட்டதில்லை.

வெரோனிக்கா அவள் காலிலிருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். பிறகு, கண்ணால் கண்டதைத்தான் நான் எழுதலாம், கண்டது சூடான வீடு என்றாள்.

"அப்படியென்றால் திரும்ப வாருங்கள். சொல்லாமல் வாருங்கள்," என்றாள் புஸ்பவதி.

பஸ் வந்தது. வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் வெரோனிக்கா ஏறிவிட்டாள்.

அதன்பிறகுதான் பெரும்பாடு. ஹைற்சுங்கைப் பூட்டினாள்; கட்டில் மறுபடி குசினிக்குப் போனது. அது பழகிய கஷ்டம். வீட்டை உள்ளபடி விட்டுவைப்பதுதான் ஏலாமல் இருந்தது. யாராவது வரக்கூடும் என்றால் கூட்டி, துடைத்து, மூலையில் கிடப்பதை மறைத்துப் பழகிய கை. கலண்டர்களைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கழிப்பது, உள்பாவாடையோடு தெருவில் நிற்பதைப் போல இருந்தது. சங்கிலியை வாங்க வந்த ரஞ்சினி சுவரைக் கண்டு வாயில் கைவைத்தாள். தான் கொடுத்த புத்திதான் என்று அவள் சொல்லவில்லை. கணப்பை மட்டும் திருப்பிக் கேட்காமல் போனாள். புஸ்பவதி அதையும் போடவில்லை. தம்பித்துரையின் இருமல் இரவில் மாடிப்படிவரை கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் அவள் கண் ஹைற்சுங்கைத் திறக்கும் திருகில் போய் நின்று திரும்பியது.

ஒருநாள் காலையில் மணி அடித்தது. அவள் வாசலுக்குப் போகுமுன் அவள் கை முந்திக்கொண்டு ஹைற்சுங் திருகைப் பிடித்துவிட்டது. விருந்தாளி வந்தால் வீடு சூடாக இருக்கவேண்டும் என்பது அந்தக் கைக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை. இரும்பு பனிக்கட்டியாகச் சுட்டது. ஒவ்வொரு விரலாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு கோட்டும் காதுமூடித் தொப்பியுமாகவே போய்க் கதவைத் திறந்தாள்.

வெரோனிக்காதான். முன்னறைச் சுவருக்கு முன்னால் நின்றாள். கட்டில் கிடந்த குசினியைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து புகை போல ஆவி எழுந்தது. எழுதினாள். முடிவெடுப்பது தான் அல்ல என்றும், கிழமைக்கணக்கில் நாள் செல்லலாம் என்றும், அதற்குள் குழாயைப் பூட்டாமல் இருக்கும்படி கம்பனியைக் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாள். கேட்டுப் பார்ப்பதுதான், உறுதியில்லை.

புஸ்பவதியிடம் வடை இல்லை. தேத்தண்ணி கொடுத்தாள். வெரோனிக்கா கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்து முடித்தாள். கோட்டில் ஒரு பொத்தானையும் கழற்றவில்லை.

அவள் போனபிறகு போர்வைக் குவியலுக்குள்ளிருந்து தம்பித்துரை, என்னவாம் என்று கேட்டார்.

"பாப்பமாம்."

அவர் இருமி முடியும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பொய்ச் சூடெண்டாலும் புஸ்பம்," என்றார் அவர், "அண்டைக்கு நான் நல்லா நித்திரை கொண்டனான்."