முப்பத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பாரை வாயில் வைக்கும் முன்பே ‘பிரமாதம்’ என்பார்களே, அந்த ரகம்.

குழந்தைகளுக்காகக் கோயில் கதைகள் பன்னிரண்டு எழுதினேன். மயிலாப்பூரில் ஸ்லோகப் புத்தகமும் வாய்ப்பாடும் போடுகிற ஒரு பதிப்பாளர் அதை வெளியிட்டார். இணையத்தில் வாசகர் கருத்துகள் வந்து குவிந்தன. ‘கெட்டியான தாள்.’ ‘அட்டை அருமை.’ ‘பரிசளிக்க உகந்தது.’ ‘வீட்டுக்கு வீடு இருக்க வேண்டிய நூல்.’ நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகத் தேடினேன். கதையைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, இருக்கட்டும் என்று ஆறப்போட்டேன்.

நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு ஆளுக்கொரு புத்தகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாள் மந்தைவெளியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த மாமி தாம்பூலப் பையை நீட்டி, “ஆத்துல கொழந்தைகள் இருந்தா குடுங்கோ, நல்ல புஸ்தகம்” என்றார். தெருவுக்கு வந்து பிரித்தால் என் புத்தகம். உள்ளே என் கையெழுத்து. அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்த என் பெயரைக்கூட அந்த மாமி பார்க்கவில்லை. கொலுவில் வந்த ரவிக்கைத் துணி இப்படித்தான் வீடு வீடாகச் சுற்றும். அது ஊரறிந்த விஷயம், நானே எத்தனையோ துணியைச் சுற்றவிட்டிருக்கிறேன். புத்தகத்துக்கும் அதே கதிதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதிலிருந்து யார் பாராட்டினாலும் “எந்தக் கதை பிடிச்சுது?” என்று மடக்க ஆரம்பித்தேன். “எல்லாமே” என்பார்கள். எல்லாமே என்றால் ஒன்றுமே படிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு குழந்தையாவது இதைப் படித்தது என்று தெரிந்தால்தான் அடுத்த புத்தகம், இல்லாவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் அந்த ஒற்றை நட்சத்திரம் வந்தது. ‘கதைய பாதில உட்டு ஏமாத்திட்டாங்க. கொழந்த தெனம் கேட்டு அழுவுது. யாரும் வாங்காதீங்க.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு கதைக்கும் முடிவு எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா? பதிப்பாளருக்குப் போன் போட்டேன். “போட்டிக்காரங்க வேலை மேடம். தேனாம்பேட்டையில ஒருத்தர் இதே மாதிரி புக் போடறார், அவர் ஆளா இருக்கும்” என்றார்.

“அப்போ தூக்கச் சொல்லுங்க.”

பொய்க் கருத்து என்று அவர் புகார் கொடுத்தார். என் பங்குக்கு நானும் ஒன்று கொடுத்தேன். மூன்றாம் நாள் அது காணாமல் போயிருந்தது. எனக்கும் மனசு ஆறியது.

அடுத்த வாரம் தி. நகரில் எனக்கு வழக்கமாக ரவிக்கை தைக்கும் பாயின் கடைக்குப் போனேன். அவருடைய எட்டு வயதுப் பெண் பள்ளி விட்டதும் அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அதன் மடியில் என் புத்தகம் இருந்தது. அட்டை கிழிந்து, மூலை மடங்கி, டீக்கறையோடு. என் புத்தகத்தில் அழுக்கான பிரதி ஒன்றை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

அந்தப் பெண் பின்னட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. “ஆன்ட்டி, இந்த போட்டோல கீறது நீங்கதானே?”

“ஆமாம்.”

“தேர்க் கூட்டத்துல அம்மா கைய உட்டுட்டா இல்ல, அந்தப் பொண்ணு கெடைச்சாளா இல்லியா?”

அதுதான் எழுதியிருக்கிறேனே என்று புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். முப்பத்திரண்டாம் பக்கம் ‘கூட்டம் விலகியது. அங்கே’ என்று நின்றது. அடுத்த பக்கம் நாற்பத்தொன்பது. அதில் புளியோதரைப் பிரசாதம் பற்றிய வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. பைண்டிங்கில் முழுசாகப் பதினாறு பக்கங்கள் விட்டுப்போயிருந்தன.

பாய் மிஷினை மிதித்தபடியே சொன்னார். “கொலு வச்ச அம்மா ஒருத்தங்க துணி குடுக்க வந்தப்ப அத்த குடுத்தாங்க மேடம். அன்னிலேருந்து இது என் உயிர வாங்குது. அவள புள்ள புடிக்கிறவன் தூக்கினு போய்ட்டானான்னு கேட்டுகினே கீது. கம்பெனிக்குத் தெரியட்டும்னு நானும் போன்ல எழுதிப் போட்டேன். எவனோ அதையும் தூக்கிட்டான்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், முடியவில்லை.

“நான்தான் பாய் தூக்கச் சொன்னேன். யாரோ வயித்தெரிச்சல்ல எழுதினதுன்னு நெனச்சுட்டேன்.”

மிஷின் நின்றது. “உங்க புக்க நீங்க தொறந்தே பாக்கலியா மேடம்?”

பார்க்கவில்லை. கையெழுத்துப் போட முதல் தாளைத் திறந்ததோடு சரி. பதிப்பாளர் எனக்கென்று தந்த பத்துப் பிரதிகளும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஊரையெல்லாம் படித்தாயா படித்தாயா என்று சந்தேகப்பட்ட நானும் அதைப் படிக்கவில்லை. அவமானமாக இருந்தது.

அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். “அவ கெடைச்சுட்டா கண்ணு. வளையல் கடை அம்மா பத்திரமா பாத்துக்கிட்டாங்க.”

அது நம்பவில்லை. “அப்ப ஏன் புக்ல போடல?”

வீட்டுக்கு வந்து பத்தையும் பிரித்தேன். பத்திலும் அதே ஓட்டை. பதிப்பாளரோ, “யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணலியே மேடம்” என்றார். “ஒருத்தர் பண்ணார். நாமதான் தூக்கிட்டோம்” என்றேன்.

மறுநாள் சாயங்காலம் விட்டுப்போன பதினாறு பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பெண் தாள்களை வாங்கியதும் கதைக்குள் போகவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விரலை வைத்து, முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை எண்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“இத நேத்து எழுதினியா, முன்னாடியே எழுதினதா?” மரியாதை போய்விட்டிருந்தது.

“முன்னாடியே எழுதினது.”

“காட் பிராமிஸ்?”

“காட் பிராமிஸ்” என்றேன். அதற்கப்புறம்தான் அது படிக்க உட்கார்ந்தது.